எஃகின் கலவையைப் படித்து அதன் உள்ளமைப்பைக் கணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இஎன் 24 என்ற கலப்பு எஃகில் கம்பி வாங்கினால் கூடவே அதன் கலவையைச் சொல்லும் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட் வரும். கார்பன் 0.40, மாங்கனீசு 0.60, நிக்கல் 1.50, குரோமியம் 1.20, மாலிப்டினம் 0.30 என்று வரிசையாக எண்கள் இருக்கும். பலர் அதை அப்படியே ஃபைலில் வைத்துவிடுவார்கள். சிலர், "குரோமியம் இருக்கிறது, கடினமாக இருக்கும், நிக்கல் இருக்கிறது, உடையாது" என்பார்கள். இந்த மனப்பாடத்தை நம்பி வேலை செய்ய முடியாது. 18% குரோமியம் உள்ள எவர்சில்வர் தட்டைக் கையால் வளைத்துவிடலாம். 1.4% மட்டுமே குரோமியம் உள்ள பேரிங் எஃகில் அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். தனிமம் ஒன்றுதான். இரும்புக்குள் அது எங்கே உட்கார்ந்தது, எந்த அமைப்பை உருவாக்கியது என்பதைப் பொறுத்து எஃகின் குணமே மாறிவிடுகிறது.

அதனால் சர்டிபிகேட்டில் உள்ள ஒவ்வொரு தனிமத்திடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எங்கே இருக்கிறாய்? எந்த அமைப்பை ஆதரிக்கிறாய்? மாற்றத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறாய்? இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்றையும் சுற்றித்தான். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில், சதவீதம் எல்லாம் எடை அளவில்.

படி 1: இரும்பின் இரண்டு அடுக்குகளை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

தூய இரும்பு 912 டிகிரி வரை ஒரு விதமாக அடுக்கப்பட்டிருக்கும். கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அணுக்கள், நடுவில் ஒன்று. இது ஃபெரைட். 912 டிகிரியைத் தாண்டியதும் அடுக்கு மாறி, மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் வந்துவிடும். இது ஆஸ்டெனைட். 1394 டிகிரியில் மறுபடியும் பழைய அடுக்கு திரும்பும், 1538 டிகிரியில் உருகும்.

ஆஸ்டெனைட்டில் அணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனாலும் அணுக்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு இடைவெளியும் ஃபெரைட்டில் இருப்பதைவிடப் பெரியது. கார்பன் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. ஆஸ்டெனைட்டில் அதிகபட்சம் 2.1% வரை கார்பன் கரையும், ஃபெரைட்டில் 0.02% தான். ஹீட் ட்ரீட்மென்ட் என்ற தொழிலே இந்த நூறு மடங்கு வித்தியாசத்தில்தான் நிற்கிறது. சூட்டில் கரைந்த கார்பனுக்குக் குளிரும்போது இடமில்லை. மெதுவாகக் குளிர்ந்தால் அது வெளியேறி, 6.67% கார்பன் கொண்ட சிமென்டைட் என்ற கடினமான கார்பைடாகிவிடும் (கார்பைடு என்றால் கார்பனும் உலோகமும் சேர்ந்த சேர்மம்). ஃபெரைட்டும் சிமென்டைட்டும் மெல்லிய தகடுகளாக மாறி மாறி அடுக்கினால் அது பியர்லைட். சாதாரண கார்பன் எஃகில் 727 டிகிரியில், 0.77% கார்பன் இருந்தால், முழுக்க பியர்லைட்தான் கிடைக்கும். வேகமாகக் குளிர்வித்தால் கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அடுக்கு இழுபட்டு, மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாகும்.

கலப்புத் தனிமங்கள் எல்லாம் இந்த 727 டிகிரியையும் 0.77%ஐயும் அந்த வேகத்தையும்தான் மாற்றுகின்றன. மாங்கனீசும் நிக்கலும் 727ஐக் கீழே இறக்கும். குரோமியம், மாலிப்டினம், சிலிக்கான், டங்ஸ்டன் மேலே ஏற்றும். இவற்றில் எதைச் சேர்த்தாலும் 0.77% என்ற எண் குறையும். சுமார் 5% குரோமியம் சேர்த்தால் 0.5% கார்பனிலேயே முழு பியர்லைட் நிலைக்கு வந்துவிடும். அதனால் அலாய் எஃகில் கார்பனின் அளவை மட்டும் பார்த்து, "இது நடுத்தர கார்பன்தானே" என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 2: தனிமம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

நிக்கல், சிலிக்கான், அலுமினியம், தாமிரம் ஆகியவை இரும்பு அணுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்திலேயே கரைந்திருக்கும், கார்பனோடு சேராது. மாங்கனீசு கொஞ்சம் சேரும். குரோமியம், மாலிப்டினம், டங்ஸ்டன், வனேடியம், நியோபியம், டைட்டானியம் என்று போகப்போக கார்பன் மீதான பிடிப்பு கூடிக்கொண்டே போகும். டைட்டானியம் கார்பனைப் பிடித்தால் சாதாரண ஹீட் ட்ரீட்மென்ட் சூட்டில் விடவே விடாது.

கார்பைடுக்குள் பூட்டப்பட்ட தனிமம் உலோகத்தில் கரைந்திருக்க வேண்டிய தனிமத்தின் வேலையைச் செய்யாது. இதற்கு எஸ்எஸ் 304 என்ற எவர்சில்வர் வகையை விடத் தெளிவான உதாரணம் கிடையாது. அதை வெல்டிங் செய்யும்போது, பற்றுக்குச் சற்றுத் தள்ளியுள்ள பகுதி 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் சிறிது நேரம் நிற்கும். அங்கே 23 குரோமியம் அணுக்களும் 6 கார்பன் அணுக்களும் சேர்ந்த கார்பைடு, படிகத் துகள்களின் எல்லைக் கோட்டில் உருவாகும். எடைக் கணக்குப் போட்டால் ஒரு பங்கு கார்பன் 16 பங்குக்கு மேல் குரோமியத்தை இழுக்கிறது. எஃகில் 0.06% கார்பன் இருந்து, அது முழுவதும் இப்படிப் போனால் ஏறத்தாழ 1% குரோமியம் போய்விடும். மொத்தமாகப் பார்த்தால் 18 என்பது 17 ஆகிறது, அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அந்த 1% எல்லைக் கோட்டை ஒட்டிய மிக மெல்லிய பட்டையிலிருந்துதான் வருகிறது. அந்தப் பட்டையில் குரோமியம் 12%க்கும் கீழே இறங்கிவிடும். துருப்பிடிக்காமல் காக்கும் ஆக்சைடு படலம் அங்கே நிற்காது. அரிப்பு அந்தக் கோடு வழியாகவே உள்ளே இறங்கும்.

தீர்வும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கார்பனை 0.03%க்குள் அடக்கினால் அது 304எல். கார்பனைப் போல் குறைந்தது 5 மடங்கு டைட்டானியம் சேர்த்து, கார்பனை முன்கூட்டியே பிடித்து வைத்தால் அது 321. நியோபியத்தை வைத்துப் பிடித்தால் 347. வெல்டிங் செய்யப்போகும் தொட்டிக்கு 304 என்று மட்டும் எழுதி ஆர்டர் கொடுக்காதீர்கள், 304எல் என்று கேளுங்கள்.

படி 3: எந்தப் பக்கம் இழுக்கிறது?

கார்பன், நைட்ரஜன், நிக்கல், மாங்கனீசு, தாமிரம் ஆகியவை ஆஸ்டெனைட் பக்கம். குரோமியம், மாலிப்டினம், சிலிக்கான், வனேடியம், டங்ஸ்டன், டைட்டானியம், நியோபியம், அலுமினியம், பாஸ்பரஸ் ஆகியவை ஃபெரைட் பக்கம். இந்த இரண்டு வரியை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

ஆஸ்டெனைட் பக்கம் போதுமான அளவு இழுத்தால் அறை வெப்பநிலையிலும் ஆஸ்டெனைட்டே நிற்கும். ஷெஃபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882இல் கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு இப்படிப்பட்டது. சுமார் 1.2% கார்பன், 12% மாங்கனீசு. சூடாக்கித் தண்ணீரில் முக்கி எடுத்தால் மென்மையாக, காந்தம் ஒட்டாமல் இருக்கும். அடி விழ விழ மேற்பரப்பு மட்டும் இறுகிக்கொண்டே போகும். ரயில் பாதை கிராசிங்குகளுக்கும் கல் உடைக்கும் ஜா கிரஷர் தகடுகளுக்கும் இன்றும் இதைத்தான் போடுகிறார்கள்.

ஃபெரைட் பக்கம் இழுத்தால் நேர் எதிர். கார்பன் மிகக் குறைவாக இருக்கும்போது, சிலிக்கான் சுமார் 2% ஐயோ குரோமியம் சுமார் 13% ஐயோ தாண்டினால், எவ்வளவு சூடாக்கினாலும் ஆஸ்டெனைட் வராது. டிரான்ஸ்ஃபார்மர் தகட்டில் சிலிக்கான் 3% அளவுக்கு இருப்பதன் ஒரு பலன் இதுதான். சூட்டில் அடுக்கு மாறாததால் படிகத் துகள்கள் விரும்பிய திசையில் தடையின்றி வளரும். அப்புறம் எஸ்எஸ் 410ஐயும் 430ஐயும் ஒப்பிட்டுப் பாருங்கள். 410இல் குரோமியம் 12% சுற்றுவட்டாரம், கூடவே கார்பன் இருப்பதால் சூட்டில் ஆஸ்டெனைட் வரும், முக்கினால் மார்ட்டென்சைட்டாக இறுகும். 430இல் குரோமியம் 17%, கார்பன் குறைவு. பெரும்பகுதி ஃபெரைட்டாகவே இருந்துவிடுவதால் முக்கிப் பயனில்லை.

இரண்டு பக்கமும் இழுக்கும் தனிமங்கள் ஒன்றாக இருந்தால்? அதற்கு ஷேஃப்ளர் 1949இல் வெளியிட்ட வரைபடம் உண்டு. வெல்டிங் பற்றுக்காகப் போட்டது என்றாலும் மற்ற இடங்களிலும் ஓரளவு வழிகாட்டும். கணக்கு எளிது:

குரோமியம் சமானம் = குரோமியம் + மாலிப்டினம் + 1.5 × சிலிக்கான் + 0.5 × நியோபியம்
நிக்கல் சமானம் = நிக்கல் + 30 × கார்பன் + 0.5 × மாங்கனீசு

ஒரு 304ஐ எடுத்துக்கொள்வோம்: குரோமியம் 18.3, நிக்கல் 8.2, கார்பன் 0.05, மாங்கனீசு 1.5, சிலிக்கான் 0.5. குரோமியம் சமானம் 19.05, நிக்கல் சமானம் 10.45. வரைபடத்தில் இந்தப் புள்ளி ஆஸ்டெனைட்டோடு கொஞ்சம் ஃபெரைட்டும் சேர்ந்த இடத்தில் விழும். பற்று உறையும்போது அந்தக் கொஞ்சம் ஃபெரைட் இருப்பது நல்லது, சூட்டில் விரிசல் விடாமல் காக்கும். இந்தக் கணக்கில் கார்பனுக்கு 30 மடங்கு எடை இருப்பதைக் கவனியுங்கள். 0.03% கார்பன் ஏறத்தாழ 1% நிக்கலின் வேலையைச் செய்கிறது.

பாத்திரக் கடையில் காந்தம் வைத்துத் தரம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்த்த 202உம் ஆஸ்டெனைட்தான், அதிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டவில்லை என்பதற்காக அது 304 ஆகிவிடாது. மறுபுறம், நல்ல 304இலேயே ஆழமாக அழுத்தி இழுத்த டம்ளரின் விளிம்பில் காந்தம் லேசாகப் பிடிக்கும். குளிர்ந்த நிலையில் உருட்டிப் பிசைந்ததால் அங்கே கொஞ்சம் ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட்டாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கலவை தெரிய வேண்டுமானால் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் ஒன்றுதான் வழி.

படி 4: எவ்வளவு தாமதப்படுத்துகிறது?

அலாய் எஃகுக்குக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் இந்தப் படிக்காகத்தான். நிதானமாகப் படியுங்கள்.

ஆஸ்டெனைட் பியர்லைட்டாக மாற கார்பன் அணுக்கள் நகர வேண்டும், குரோமியம் மாலிப்டினம் போன்றவையும் இடம் மாற வேண்டும். பெரிய அணுக்கள் நகர்வதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் எஃகு குளிர்ந்துவிட்டால் பியர்லைட் வராமல் மார்ட்டென்சைட் வந்துவிடும். மாங்கனீசு, குரோமியம், மாலிப்டினம், நிக்கல் எல்லாமே இப்படித் தாமதப்படுத்துபவை. போரான் 0.001 முதல் 0.003% வரை இருந்தாலே போதும். துகள் எல்லையில் போய் உட்கார்ந்து, ஃபெரைட் அங்கே முளைக்கவிடாமல் செய்துவிடும். கோபால்ட் மட்டும் விதிவிலக்கு, அது மாற்றத்தை வேகப்படுத்தும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எவ்வளவு கடினம் கிடைக்கும் என்பதைக் கார்பன் முடிவு செய்கிறது. எவ்வளவு ஆழம் வரை கிடைக்கும் என்பதைக் கலப்புத் தனிமங்கள் முடிவு செய்கின்றன. முழு மார்ட்டென்சைட்டில், ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில், 0.2% கார்பனுக்கு 45 சுற்றுவட்டாரம், 0.4%க்கு 57 சுற்றுவட்டாரம், 0.6%க்கு 64 சுற்றுவட்டாரம் கிடைக்கும். குரோமியம் நிக்கல் சேர்த்தாலும் இந்த எண்கள் பெரிதாக மாறாது.

சாதாரண கார்பன் எஃகான இஎன் 8, கலப்பு எஃகான இஎன் 24 இரண்டிலும் கார்பன் 0.40% தான். 10 மிமீ துண்டை முக்கினால் இரண்டிலும் கடினம் கிட்டத்தட்ட ஒன்றே. 60 மிமீ தண்டுக்கு வாருங்கள். இஎன் 8ஐத் தண்ணீரில் முக்கினாலும் மேல்தோல் மட்டும் இறுகும், நடுவில் ஃபெரைட்டும் பியர்லைட்டும்தான். இஎன் 24 எண்ணெயில் முக்கியே நடுவரை இறுகும். தண்ணீரைவிட எண்ணெய் மெதுவாகக் குளிர்விப்பதால் வளைவும் விரிசலும் குறைவு. மெல்லிய பின்னுக்கு இஎன் 24 போடுவது வீண் செலவு. தடித்த கியர் ஷாஃப்ட்டுக்கு இஎன் 8 போட்டுவிட்டு மேலே மட்டும் கடினம் பார்த்துத் திருப்தி அடைவது ஆபத்து.

இந்த ஆழத்தை அளக்க ஜோமினி சோதனை இருக்கிறது. 25 மிமீ விட்டம், 100 மிமீ நீளம் கொண்ட துண்டைச் சூடாக்கி, ஒரு முனையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி, முனையிலிருந்து தள்ளித்தள்ளிக் கடினம் பார்ப்பார்கள். இஎன் 8இன் கோடு சட்டென்று விழும். இஎன் 24இன் கோடு கிட்டத்தட்ட நேராகவே போகும்.

மார்ட்டென்சைட் எந்தச் சூட்டில் தொடங்கும் என்பதையும் கணக்கிடலாம். ஆண்ட்ரூஸ் 1965இல் தந்த சூத்திரம் இது:

தொடக்க வெப்பநிலை = 539 − 423 × கார்பன் − 30.4 × மாங்கனீசு − 17.7 × நிக்கல் − 12.1 × குரோமியம் − 7.5 × மாலிப்டினம்

மேலே சொன்ன இஎன் 24 எண்களைப் போட்டால் 308 டிகிரி வரும். அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் மாற்றம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஆனால் இந்தச் சூத்திரம் ஆஸ்டெனைட்டில் கரைந்த கார்பனுக்குத்தான் பொருந்தும், அதுவும் 0.6% வரைதான். 1% கார்பனும் 1.4% குரோமியமும் உள்ள பேரிங் எஃகான இஎன் 31ஐ 840 டிகிரி அளவில் சூடாக்கினால் கார்பனின் ஒரு பகுதி கார்பைடாகவே மிஞ்சும், அதுதான் வேண்டியதும்கூட. "இன்னும் கொஞ்சம் கடினம் கிடைக்கட்டும்" என்று சூட்டை ஏற்றினால் அந்தக் கார்பைடு கரையும், தொடக்க வெப்பநிலை இறங்கும், மாறாத ஆஸ்டெனைட் நிறைய மிஞ்சும். சூடு ஏற்றியும் கடினம் குறைந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுபவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

வெல்டிங்கிலும் இதே தாமதம்தான் பிரச்சினை. கார்பன் சமானம் என்பது கார்பன் + மாங்கனீசு ÷ 6 + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்) ÷ 5 + (நிக்கல் + தாமிரம்) ÷ 15. இஎன் 8க்கு 0.53 அளவில் வரும், இஎன் 24க்கு 0.90. கார்பன் ஒன்றாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம். பற்றை ஒட்டிய இடம் காற்றில் குளிர்ந்தாலே மார்ட்டென்சைட் ஆகிவிடும். அதனால் நன்றாக முன்சூடு கொடுத்து, உலர்ந்த குறை ஹைட்ரஜன் ராடு போட்டு, வேலை முடிந்ததும் மெதுவாகக் குளிரவிட வேண்டும். முடிந்தவரை இஎன் 24ஐப் பற்றவைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 5: டெம்பரிங்கில் என்ன நடக்கும்?

முக்கி எடுத்த எஃகை மறுபடி சூடாக்குவதுதான் டெம்பரிங். அப்போது சிக்கிய கார்பன் வெளியே வந்து கார்பைடாகும், கடினம் குறையும், உடையாமல் தாங்கும் தன்மை கூடும். சிலிக்கான் சிமென்டைட்டில் கரையாததால் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடும். பட்டை ஸ்பிரிங் எஃகில் 2% வரை சிலிக்கான் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாலிப்டினம், டங்ஸ்டன், வனேடியம் செய்வது இன்னும் சுவாரசியமானது. 550 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இவை மிக நுண்ணிய புதிய கார்பைடுகளாகப் படிந்து, இறங்கிக்கொண்டிருந்த கடினத்தை மறுபடி ஏற்றும். டிரில் பிட்டுக்கான எம்2 ஹை ஸ்பீடு எஃகில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2% அளவில் இருக்கும். 1200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் அந்தக் கார்பைடுகள் போதுமான அளவு கரையும். அப்புறம் 550 அளவில் இரண்டு மூன்று முறை டெம்பரிங். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய ஆஸ்டெனைட் குளிரும்போது மார்ட்டென்சைட் ஆவதால், அந்தப் புதிய மார்ட்டென்சைட்டையும் டெம்பர் செய்தாக வேண்டும்.

நிக்கல்–குரோமியம் எஃகுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. டெம்பரிங் முடிந்து 575இலிருந்து 375 டிகிரி வரை மெதுவாகக் குளிர்ந்தால் பாஸ்பரஸ், தகரம் போன்ற அசுத்தங்கள் துகள் எல்லையில் சேர்ந்து எஃகை நொறுங்கும்படி ஆக்கிவிடும். கடினச் சோதனையில் இது தெரியாது, இம்பேக்ட் சோதனையில்தான் தெரியும். இஎன் 24இல் உள்ள 0.3% மாலிப்டினம் இதைத் தடுக்கவும்தான்.

படி 6: கடைசி வரிகளில் உள்ள சின்ன எண்கள்

கந்தகம் இரும்போடு சேர்ந்தால் 988 டிகிரியிலேயே உருகும் கலவையாகி, சூட்டில் அடிக்கும்போது எஃகு பிளக்கும். மாங்கனீசு போதுமான அளவு இருந்தால் கந்தகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் ஃபெரைட்டை இறுக்கும், ஆனால் குளிரில் உடையச் செய்யும். அலுமினியம் 0.02 முதல் 0.05% வரை இருந்தால் நைட்ரைடாகி, துகள்கள் பெரிதாக வளராமல் பிடித்து வைக்கும். நியோபியமும் இதே வேலையை இன்னும் வலுவாகச் செய்யும்.

வீடு கட்டும் டிஎம்டி கம்பியின் சர்டிபிகேட்டில் பெரிய கலப்புத் தனிமங்களைத் தேட வேண்டாம். உருட்டி முடித்ததும் தண்ணீர் பட்டு வெளிவளையம் மார்ட்டென்சைட்டாகி, உள்சூட்டிலேயே டெம்பர் ஆவதுதான் அதன் பலம்.

படி 7: வார்ப்பிரும்புக்கு வேறு கேள்வி

கோயம்புத்தூர் பக்கம் பம்ப் உறை வார்க்கும் பவுண்டரிகளில் முக்கியமான கேள்வி, கார்பன் கிராஃபைட்டாக வருமா, கார்பைடாக வருமா என்பதுதான். சிலிக்கான் கிராஃபைட்டை ஆதரிக்கும், குரோமியம் கார்பைடை ஆதரிக்கும். இங்கே சமானம் என்பது கார்பன் + (சிலிக்கான் + பாஸ்பரஸ்) ÷ 3. கார்பன் 3.4, சிலிக்கான் 2.1, பாஸ்பரஸ் 0.1 என்றால் 4.13. மிகக் குறைந்த சூட்டில் உறையும் கலவைக்கான 4.3க்குச் சற்றுக் கீழே, பம்ப் உறைக்கு வசதியான இடம்.

ஸ்கிராப்பில் குரோமியம் கலந்த எஃகு வந்துவிட்டால் மெல்லிய ஓரங்கள் வெள்ளையாக உறைந்து, டிரில் பிட் அங்கே போனதும் மழுங்கும். மாங்கனீசையும் கந்தகத்தோடு சேர்த்தே பாருங்கள். கந்தகம் × 1.7 + 0.3 என்பது வழக்கமான அளவு. உருண்டை கிராஃபைட் கொண்ட வார்ப்பிரும்பான எஸ்ஜி அயர்னில் 0.03 முதல் 0.05% வரை மெக்னீசியம் மிஞ்சினால்தான் கிராஃபைட் உருண்டையாக வரும். உருக்கிய இரும்பு காத்திருக்கக் காத்திருக்க மெக்னீசியம் குறைந்துகொண்டே போவதால், சேர்த்த சில நிமிடங்களுக்குள் ஊற்றிவிட வேண்டும்.

படி 8: கணித்ததைச் சரிபாருங்கள்

கிரைண்டரில் தீப்பொறி பார்ப்பது முதல் வடிகட்டல். கார்பன் கூடக்கூட பொறி பூவாக வெடிக்கும். டங்ஸ்டன் இருந்தால் பூ அடங்கி மங்கிய சிவப்புக் கோடாக ஓடும். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் நுண்ணோக்கிதான்.

இஎன் 24 துண்டை நன்றாக பாலிஷ் செய்து, ஆல்கஹாலில் 2% நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலில் சில விநாடிகள் காட்டிப் பாருங்கள். நடுவரை ஒரே சீராக நுண்ணிய ஊசி அமைப்பு தெரிந்தால் சரி. வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது ஃபெரைட், எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பழைய துகள் எல்லைகளை ஒட்டி வலைபோல ஓடினால் குளிர்விப்பு மெதுவாக இருந்திருக்கிறது: எண்ணெய் சூடேறியிருக்கும், அல்லது கூடையில் ஜாப் (வேலைத் துண்டுகள்) நெருக்கமாக இருந்திருக்கும். அங்கங்கே சிதறிய திட்டுகளாக இருந்தால் ஃபர்னஸில் சூடோ நேரமோ போதவில்லை, பழைய ஃபெரைட் கரையாமலே நின்றுவிட்டது. வெள்ளை, மேற்பரப்பில் மட்டும் ஒரு பட்டையாக இருந்தால் ஃபர்னஸ் காற்றில் கார்பன் எரிந்துபோயிருக்கிறது. அந்த ஆழம் வரை கிரைண்டிங்கில் எடுத்துவிட வேண்டும். அதற்கான அளவை ஹீட் ட்ரீட்மென்டுக்கு அனுப்பும் முன்பே ஜாப்பில் விட்டு வையுங்கள்.